மாற்று இடுப்பு மூட்டு விலகினால்...
திருகோணமலைப் பயணத்தை முன்வைத்து ஒரு சுகாதாரப் பாடம்

விடுமுறை வந்தால் தோட்டங்களிலிருந்து வேன் பிடித்துத் திருகோணமலைக்குப் போய்வருவது நம்மவர்களிடையே நெடுநாள் வழக்கம். கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறு, கடல் மூன்றையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம். சிலருக்கு அங்கே உறவும் உண்டு. 1977, 1983 கலவரங்களில் வீடு வாசல் இழந்த மலையகக் குடும்பங்களில் ஒரு பகுதி வவுனியா, கிளிநொச்சி, திருகோணமலைப் பக்கம் போய்க் குடியேறியது. அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று பிரிந்த குடும்பங்கள் கல்யாணம், கருமாதி என்று போக்குவரத்து வைத்திருக்கின்றன.

அப்படி வேனில் ஏறுகிறவர்களில் இப்போது இடுப்பு மூட்டு மாற்றியவர்களும் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் மலைப்பாதையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்த அம்மாயி, தேய்ந்த மூட்டோடு பத்து வருஷம் நொண்டி நடந்த அப்பா, இப்படிப் பலர். ஓபரேஷனுக்குப் பிறகு வலி போய்விடும், தைரியம் வந்துவிடும். "இனிமே எனக்கு ஒண்ணும் இல்ல, நானும் கோயிலுக்கு வாறேன்" என்று கிளம்பிவிடுவார்கள். கிளம்பட்டும், அதில் தப்பில்லை. ஆனால் மாற்றிய மூட்டு தன் குழியை விட்டு விலகக்கூடியது. அதை ஆங்கில வைத்தியத்தில் 'டிஸ்லொகேஷன்' என்பார்கள். நாம் மூட்டு விலகல் என்று வைத்துக்கொள்வோம்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மூட்டு விலகினால் காலை இழுக்காதீங்க. எண்ணெய் போட்டு உருவாதீங்க. 'நாளைக்குப் பார்ப்போம்' என்று படுக்க வைக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. ஏன் என்பதுதான் இனி வருகிற பாடம்.

ஆட்டுக்கல்லும் குழவியும்

இடுப்பு மூட்டு எப்படி இருக்கும் என்று தெரிய ஆட்டுக்கல்லைப் பார்த்தால் போதும். இடுப்பெலும்பில் ஒரு குழி இருக்கிறது. தொடை எலும்பின் மேல் நுனி உருண்டையாகப் பந்து மாதிரி இருந்து அந்தக் குழிக்குள் சுழலுகிறது. பாடப் புத்தகத்தில் பிள்ளைகள் பந்துக்கிண்ண மூட்டு என்று படிப்பது இதைத்தான். இயற்கை மூட்டைச் சுற்றி உறுதியான பை ஒன்று உண்டு. அதற்கு மேல் கயிறு கட்டினது போல நாண்கள், அதற்கும் மேல் தசை. அதனால்தான் நம்மால் குந்தி உட்கார்ந்து கொழுந்து பிரிக்க முடிகிறது, சரிவில் ஒரு காலை மேலே ஒரு காலைக் கீழே வைத்து நின்று கொழுந்து எடுக்கவும் முடிகிறது.

மாற்று மூட்டில் குழிக்குப் பதில் ஒரு கிண்ணம், பந்துக்குப் பதில் உலோகத்தாலோ பீங்கான் போன்ற பொருளாலோ ஆன உருண்டை, அதைத் தாங்கத் தொடை எலும்புக்குள் இறக்கிய ஒரு தண்டு. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் வைத்தியசாலையில் ஜோன் சார்ன்லி என்ற வைத்தியர் 1962 ஆம் ஆண்டு கிண்ணத்துக்குக் கெட்டியான பொலிஎத்திலீன் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகுதான் இந்தச் சிகிச்சை நிலைத்து நின்றது. அதற்கு முன் அவர் டெஃப்லோன் போட்டுப் பார்த்தார். அது சில வருஷத்திலேயே தேய்ந்து போயிற்று. தேய்மானத்தைக் குறைக்க சார்ன்லி பந்தைச் சிறிதாக வைத்தார். குறுக்களவு சுமார் 22 மில்லிமீற்றர்தான். நமது சொந்தப் பந்து பெரும்பாலானோருக்கு 40க்கும் 55 மில்லிமீற்றருக்கும் இடையில் இருக்கும். சிறிய பந்து குழியின் விளிம்பைத் தாண்ட அதிக தூரம் போக வேண்டியதில்லை. இப்போது 28, 32, 36 மில்லிமீற்றர்ப் பந்துகள் வழக்கத்துக்கு வந்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

இங்கே ஒரு சுவையான செய்தியையும் சொல்லிவிடுகிறோம். பர்மாவின் மண்டலே வைத்தியசாலையில் சான் போ என்ற வைத்தியர் 1960 முதல் யானைத் தந்தத்தில் பந்து செதுக்கி, முறிந்த எலும்புக்குப் பதிலாகப் பொருத்தினார். கிண்ணத்தைத் தொடவில்லை, பந்தை மட்டும் மாற்றினார். அவருடைய நோயாளிகளில் பெரும்பாலானோர் நடந்தார்கள், குந்தி உட்கார்ந்தார்கள், சைக்கிள் ஓட்டினார்கள் என்று 1969 இல் லண்டனில் நடந்த வைத்தியர் மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. குந்துவது நம்மைப் போலவே பர்மாக்காரருக்கும் அன்றாடம் வேண்டிய காரியம். பந்து பெரிதாக, சொந்தக் குழிக்குள் இறுக்கமாக இருந்தது அவர்களுக்கு உதவியிருக்க வேண்டும். இன்றைக்கும் எலும்பு முறிந்த முதியவர்களுக்குப் பந்தை மட்டும் மாற்றும் பாதி ஓபரேஷன் பல இடங்களில் செய்யப்படுகிறது. முறிவுக்காக முழு மூட்டையும் மாற்றியவர்களோடு ஒப்பிட்டால் இவர்களுக்கு விலகல் குறைவு. அதற்காகப் பாதி மாற்றியவர்கள் 'எங்களுக்கு விலகாது' என்று குந்திவிடக் கூடாது. அதுவும் விலகும்.

எப்படி விலகுகிறது?

ஆட்டுக்கல்லில் குழவியை நேராகச் சுற்றினால் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கமாக அளவுக்கு மீறிச் சாய்த்தால் குழவியின் கழுத்து கல்லின் விளிம்பில் முட்டும். முட்டின இடம் தாங்கு கட்டையாகி, அடிப்பக்கம் குழியை விட்டு எழும்பும். அலவாங்கு போட்டுக் கல்லை நெம்புவோமே, அதே கணக்கு. மாற்று மூட்டிலும் தண்டின் கழுத்து கிண்ணத்தின் விளிம்பில் முட்டினால் பந்து நெம்பி வெளியே வந்துவிடும்.

எந்தத் திசையில் சாய்த்தால் ஆபத்து என்பது ஓபரேஷன் எந்தப் பக்கத்தால் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது. பின்பக்கத்தால் வெட்டித் திறந்தவர்களுக்குப் பின்புறத்துத் தசையும் பையும் ஆறும் வரை மூன்று அசைவுகள் ஆகாது: தொடையை வயிற்றுப் பக்கமாக அளவுக்கு மீறி மடக்குவது, கால் மேல் கால் போடுவது, முழங்காலை உள்பக்கம் திருப்புவது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பந்து பின்பக்கமாக வெளியேறும். விலகல்களில் மிகப் பெரும்பாலானவை இப்படிப் பின்பக்கம் போகிறவைதான். முன்பக்கத்தால் ஓபரேஷன் செய்தவர்களுக்கு எதிர்மாறு. காலைப் பின்னுக்கு நீட்டி வெளிப்பக்கம் திருப்புவதுதான் அவர்களுக்கு ஆகாது. ஆகவே பக்கத்துக் காம்பராக்காரர் சொன்னதை அப்படியே நீங்கள் பின்பற்ற முடியாது. "எனக்கு எந்தப் பக்கத்தால வெட்டினீங்க?" என்று கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்க. வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதல் முறை மூட்டு மாற்றியவர்களில் நூறு பேரில் ஒருவர் முதல் மூவர் வரை மூட்டு விலகலைச் சந்திக்கிறார்கள். மறு ஓபரேஷன் செய்தவர்களுக்கு இது இன்னும் கூடுதல். விலகுகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது முதல் மூன்று மாதத்துக்குள் நடந்துவிடுகிறது. வருஷக் கணக்கில் ஆன பிறகும் வரலாம். பிளாஸ்டிக் தேய்வதும், வயதாகித் தசை மெலிவதும், முதுகெலும்பு விறைத்துப் போவதும் அதற்குக் காரணம். இன்னொரு காரணம் குடி. சாராயமோ கசிப்போ போட்டவருக்குத் தன் கால் எப்படி மடங்கியிருக்கிறது என்பதே தெரியாது. குடிக்கிறவர்களுக்கு விலகல் கூடுதல் என்பது வைத்திய நூல்கள் ஒத்துக்கொண்ட செய்தி. மூட்டு மாற்றிய கையோடு 'சந்தோஷத்துக்கு' ஊற்றிக் கொடுக்கும் மச்சான்மார் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு விஷயம் எல்லார் காதிலும் விழ வேண்டும். விலகல் எப்போதுமே நோயாளியின் குற்றம் இல்லை. 1978 இல் அமெரிக்காவில் லெவினெக் என்ற வைத்தியரும் கூட்டாளிகளும் 300 மாற்று மூட்டுகளைப் பார்த்து, கிண்ணம் குறிப்பிட்ட சாய்வுக்குள் இருந்தால் விலகல் நூற்றுக்கு 1.5, அந்த அளவுக்கு வெளியே இருந்தால் 6.1 என்று கண்டார்கள். அது நெடுங்காலம் வைத்தியர்களுக்கு வழிகாட்டியாக இருந்தது. ஆனால் 2016 இல் மேயோ கிளினிக்கிலிருந்து வந்த ஆய்வில், விலகிப்போன 206 மூட்டுகளில் நூற்றுக்கு 58 அந்தப் பாதுகாப்பான சாய்வுக்குள்ளேயே இருந்ததாகத் தெரிந்தது. வைத்தியர் சரியாகப் பொருத்தி, நோயாளியும் கவனமாக இருந்து, அப்படியும் விலகலாம் என்பதுதான் இதன் அர்த்தம். வீட்டில் மருமகள் 'சொன்னா கேட்டாத்தானே' என்று முணுமுணுத்தால், மாமியார் அடுத்த முறை வலியை மறைத்துவிடுவார். மறைப்பதால் வரும் கேடு விலகலை விடப் பெரிது.

கோயில், கிணறு, கடல்

சரி, வேன் கிளம்பட்டும். ஓபரேஷன் முடிந்து முதல் மூன்று மாதத்துக்குள் என்றால் இந்தப் பயணமே வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். கண்டியிலிருந்தே தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலைக்கு ஏறக்குறைய 180 கிலோமீற்றர். நுவரெலியா, ஹட்டன் பக்கத்தவர்களுக்கு அதற்கு மேல் மலை இறங்கும் தூரம். விலகல் பயம் ஒரு பக்கம், காலில் இரத்தம் உறையும் பயம் இன்னொரு பக்கம். மூன்று மாதம் கழிந்து வைத்தியர் சரி என்றால் போகலாம். வேனில் பின் சீட்டும் சக்கரத்துக்கு மேலே உள்ள சீட்டும் ஆகாது. முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, கீழே ஒரு கெட்டித் தலையணை போட்டு உயர்த்தி உட்காரச் சொல்லுங்க. விதி ஒன்றுதான். உட்கார்ந்திருக்கும்போது முழங்கால் இடுப்பை விட உயரக் கூடாது. ஏறும்போது முதலில் பின்பக்கத்தை சீட்டில் வைத்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இறக்கி நடக்க விடுங்க.

கோணேசர் கோயிலுக்குப் பிரெட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்து மேடேறிப் போக வேண்டும். வழியில் புள்ளி மான்கள் திரியும். பிள்ளைகள் மானுக்குத் தின்னக் கொடுக்கும்போது அம்மாயியும் குனிந்து பார்ப்பார். அந்தக் குனிவுதான் ஆகாது. கொடுத்தே ஆகவேண்டும் என்றால் மாற்றிய காலைப் பின்னுக்கு நீட்டி, கம்பை ஊன்றி, மற்றக் காலில் பாரத்தைப் போட்டுக் குனியலாம். கோயிலுக்குள் விழுந்து கும்பிடுவதும் சம்மணம் போட்டு உட்காருவதும் வேண்டாம். நின்று கும்பிட்டால் கோணேசர் கோபித்துக்கொள்ள மாட்டார். கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, மாற்றிய காலை ஊன்றி நின்றபடி உடம்பை மட்டும் திருப்புவது பலருக்குப் பழக்கம். அது மூட்டை முறுக்கும். சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்து முழு ஆளாகத் திரும்ப வேண்டும்.

கன்னியாவில்தான் எங்களுக்கு அதிகம் பயம். நகரத்திலிருந்து சுமார் 8 கிலோமீற்றர் தள்ளி ஏழு வெந்நீர்க் கிணறுகள். இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்ய உண்டாக்கியவை என்பது ஐதீகம். பெற்றவர்களுக்குக் கடன் செய்ய நம்மவர்களும் போகிறார்கள். அங்கே முழுகிக் குளிப்பதில்லை, குனிந்து வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்ள வேண்டும். குனிவது ஒன்று, அள்ளிய வாளியோடு பக்கவாட்டில் திரும்புவது இரண்டு, ஈரக் கல்லில் வழுக்குவது மூன்று. மூட்டு விலகுவதற்கென்றே யாரோ கற்றுக்கொடுத்த உடற்பயிற்சி மாதிரி இருக்கிறது. தண்ணீரை மகனோ மகளோ அள்ளட்டும். பெரியவர் உயரமான பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருக்க, தலையில் ஊற்றட்டும். புண்ணியம் குறையாது. வெந்நீர் மூட்டை இறுக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். சூட்டில் தசை நோவு கொஞ்சம் தணியலாம், அவ்வளவுதான். விலகிய மூட்டை எந்த வெந்நீரும் உள்ளே போடாது.

கடலில் முழங்கால் அளவுக்கு மேல் இறங்க வேண்டாம். அலை திரும்பும்போது காலடி மணலை இழுத்துக்கொண்டு போகும், கால் தானாகத் திரும்பும். புறாத் தீவுக்குப் போகிற படகில் ஏற, அலைக்குள் நின்று காலைத் தூக்கி உள்ளே போட வேண்டியிருக்கும். மாற்று மூட்டுக்காரர்கள் கரையிலே இருந்து காற்று வாங்கட்டும்.

எல்லாவற்றையும் கவனித்துவிட்டு, தங்குகிற உறவுக்கார வீட்டின் கக்கூசை மறந்துவிடுவோம். குந்துகிற கக்கூஸ்தான் மூட்டுக்கு முதல் எதிரி. நடுவே துளையுள்ள கொமட் கதிரை ஒன்றை வேனில் ஏற்றிக்கொள்ளுங்க. விலை கொடுத்து வாங்க முடியாவிட்டால், கால் உறுதியான பழைய கதிரையின் நடுவில் துளை வெட்டி, விளிம்பை உரசி வழவழப்பாக்கினால் தோட்டத்துத் தச்சரே செய்து தருவார்.

விலகிவிட்டால்

'டப்' என்று ஒரு சத்தம் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். இடுப்பிலோ கவட்டிலோ தாங்க முடியாத வலி வரும். எழும்பி நிற்க முடியாது. படுத்திருக்கும்போது இரண்டு காலையும் பாருங்க: விலகிய கால் மற்றதை விடக் குட்டையாகத் தெரியும். பின்பக்கமாக விலகியிருந்தால் முழங்காலும் பாதமும் உள்பக்கம் திரும்பியிருக்கும். முன்பக்கமாக என்றால் வெளிப்பக்கம்.

இந்த நேரத்தில் சுற்றி நிற்கிறவர்களில் யாராவது ஒருத்தர், "நான் ஒரு இழுப்பு இழுத்தா சரியாயிடும்" என்பார். முறிவு நெறிவு பார்க்கிற வைத்தியரைக் கூப்பிடலாம் என்பார் இன்னொருத்தர். அந்த வைத்தியத்தை நாங்கள் பழிக்கவில்லை. தோள் மூட்டு, கை முறிவு என்று பல பேர் அதில் குணமாகியிருக்கிறார்கள். ஆனால் இது தாய் கொடுத்த எலும்பு இல்லை. உள்ளே இருப்பது உலோகமும் பிளாஸ்டிக்கும். எக்ஸ்ரே இல்லாமல் பந்து எந்தப் பக்கம் கிடக்கிறது, பக்கத்தில் எலும்பு வெடித்திருக்கிறதா என்று கையால் தடவிச் சொல்ல முடியாது. தசை விறைத்துக் கிடக்கும்போது இழுத்தால் தண்டைச் சுற்றியுள்ள தொடை எலும்பு முறியலாம், கிண்ணத்தின் பிளாஸ்டிக் உடையலாம். ஆஸ்பத்திரியில் மயக்கமோ தூக்கமோ கொடுத்து, தசை தளர்ந்த பிறகுதான் வைத்தியர் காலைப் பிடிப்பார். பெரும்பாலும் வெட்டாமலேயே உள்ளே போய்விடும். போன பிறகு மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

அதுவரை செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கால் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க, தலையணை, சுருட்டிய சேலை எதையாவது அண்டை கொடுங்க. குடிக்கவோ சாப்பிடவோ எதுவும் கொடுக்க வேண்டாம். மயக்கம் கொடுக்கும்போது வயிறு காலியாக இருக்க வேண்டும். நம்மவர்கள் பதற்றத்தில் முதலில் தேத்தண்ணிதான் ஊற்றிக் கொடுப்பார்கள், அதைத்தான் நிறுத்த வேண்டும். பிறகு, "பெருவிரலை மேல தூக்குங்க" என்று சொல்லிப் பாருங்க. பாதத்தில் தொடுவது தெரிகிறதா என்று கேளுங்க. நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்க. விரல் தூக்க முடிந்ததா இல்லையா என்பதை ஆஸ்பத்திரியில் மறக்காமல் சொல்லுங்க.

2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் பிறகு மற்ற மாகாணங்களுக்கும் வந்துவிட்டது. எந்தப் போனிலிருந்தும் 1990 ஐ அழுத்தலாம். திருகோணமலை நகரத்தில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. கந்தளாய், கிண்ணியா, மூதூரில் ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. 2009 இல் பாலம் திறக்கும் வரை கிண்ணியாவிலிருந்து நோயாளியையும் 'பாதை'யில் ஏற்றித்தான் துறைமுகக் குடாவைக் கடக்க வேண்டியிருந்தது. அந்தத் தாமதம் இப்போது இல்லை. வேனில்தான் கொண்டுபோக வேண்டும் என்றால் சீட்டில் உட்கார வைக்காதீங்க, படுக்க வைத்துக் கொண்டுபோங்க. தோட்டத்திலும் அப்படியே. லயத்திலிருந்து ரோட்டுக்குக் கம்பளியில் தூளி கட்டித் தூக்கினால் இடுப்பு மடங்கும். ஒரு கதவுப் பலகையைக் கழற்றி அதில் படுக்க வைத்து நாலு பேர் தூக்கினால் மடங்காது.

தாமதித்தால் வரும் சிக்கல்கள்

சொந்த மூட்டு விலகினால் பந்துக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு எலும்பு செத்துப்போகும் என்ற பயம் உண்டு. மாற்று மூட்டில் பந்துக்கு உயிரில்லை, அதனால் அந்தப் பயம் இல்லை. 'அப்போ ஆறுதலாப் போகலாம்' என்று நினைக்கக் கூடாது. மூட்டுக்கு நேர் பின்னால் சுண்டு விரல் தடிமனில் காலுக்கான பெரிய நரம்பு ஓடுகிறது. பின்பக்கம் தள்ளிய பந்து அதன் மேல் உட்கார்ந்திருக்கும். நரம்பு எவ்வளவு நேரம் நசுங்குகிறதோ அவ்வளவுக்குக் கேடு. பாதத்தைத் தூக்க முடியாமல் போய், நடக்கும்போது கால்விரல் தரையில் இழுபடும். சிலருக்கு மாதக்கணக்கில் மெல்லத் திரும்பும், சிலருக்கு முழுதாகத் திரும்பாது. மலைப்படிகளில் ஏறி இறங்கி வாழ்கிற நமக்கு, தூக்க முடியாத பாதம் என்றால் வெளியே இறங்கவே முடியாது என்று அர்த்தம். பெருவிரலைத் தூக்கச் சொன்னது இதற்காகத்தான். நேரம் போகப் போகத் தசையும் இறுகிவிடும். வெட்டாமல் உள்ளே போயிருக்க வேண்டிய பந்துக்காகத் திறந்து ஓபரேஷன் செய்ய வேண்டி வரும்.

ஒரு தடவை விலகியவர்களில் மூன்றில் ஒருவருக்காவது மறுபடி விலகுகிறது. முதல் தடவையில் பை கிழிந்து தளர்ந்துவிடுவதுதான் இதற்குப் பெரிய காரணம். ஒவ்வொரு விலகலிலும் பந்தில் கீறல் விழும், பிளாஸ்டிக் விளிம்பு சிதையும். திரும்பத் திரும்ப விலகினால் வைத்தியர் காரணத்தைத் தேடுவார்: கிண்ணத்தின் சாய்வா, தசை பிய்ந்துவிட்டதா, கால் நீளம் குறைந்துவிட்டதா, உள்ளே கிருமி பிடித்திருக்கிறதா என்று. வருஷக்கணக்கில் சும்மா இருந்த மூட்டு காய்ச்சலோடோ இரவில் விடாத தொடை நோவோடோ விலகினால் கிருமியைச் சந்தேகிக்க வேண்டும். இவற்றைக் கிளினிக்கில் விட்டுவிடாமல் சொல்லுங்க. மறு ஓபரேஷனில் பெரிய பந்தோ, விளிம்பு உயர்ந்த கிண்ணமோ போடலாம். பிரான்சில் ஜில் பூஸ்கே என்ற வைத்தியர் 1970களில் உருவாக்கிய, பந்துக்குள் பந்து சுழலும் மூட்டும் இப்போது பல நாடுகளில் பயன்படுகிறது. சிறிய பந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் பந்துக்குள் சுழலும், அந்தப் பெரிய பந்து கிண்ணத்துக்குள் சுழலும். நன்றாக நிற்கிறது. ஆனால் மறு ஓபரேஷன் முதல் ஓபரேஷனைப் போல இலகுவானது இல்லை. இரத்தம் கூடப் போகும், கிருமி பிடிக்கும் பயமும் கூட.

கண்ணுக்குத் தெரியாத சிக்கல் ஒன்றும் இருக்கிறது. ஒரு தடவை விலகின ஆள் பயத்தில் நடப்பதையே விட்டுவிடுவார். படுக்கையிலேயே கிடந்தால் தசை மெலியும், தசை மெலிந்தால் மூட்டு இன்னும் தளரும், காலில் இரத்தமும் உறையும். வைத்தியர் நடக்கச் சொன்ன நாளிலிருந்து நடக்க வேண்டும். பிசியோதெரபியில் சொல்லிக்கொடுக்கிற பயிற்சிகளில் காலைப் பக்கவாட்டில் தூக்குவது ஒன்று. மூட்டைப் பிடித்து வைத்திருக்கும் தசை அதுதான். இஸ்தோப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டே செய்யலாம்.

லயத்துக்குத் திரும்பிய பிறகு

பாய் போட்டுத் தரையில் படுக்க வேண்டாம். எழும்பும்போது குந்தித்தான் எழும்ப வேண்டும். கட்டில் தாழ்வாக இருந்தால் நாலு காலுக்கும் கல் வைத்து உயர்த்துங்க. ஆரம்ப வாரங்களில் இரண்டு காலுக்கும் நடுவே தலையணை வைத்து மல்லாந்து படுப்பது நல்லது. பீலிக்கரையில் குந்தித் துணி துவைப்பது, தரையடுப்பில் சமைப்பது, விறகு பொறுக்குவது, கால் நகம் வெட்டுவது எல்லாம் வீட்டில் மற்றவர்கள் பங்கு. ஆம்பிளைகள் துணி துவைத்தால் மலை சரிந்துவிடாது.

வேலை விஷயத்தில் அவசரம் காட்ட வேண்டாம். எத்தனையோ வீடுகளில் அம்மாவின் பேர் செக்ரோலில் விழாவிட்டால் அந்த மாதம் அரிசிக்கடையில் கடன் ஏறும் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் சரிவு மலையில் கூடை பாரத்தோடு கொழுந்தெடுக்கப் போகலாமா என்பதை ஓபரேஷன் செய்த வைத்தியரிடம் கேட்டு, அவர் சொல்வதை எழுத்தில் வாங்கித் துரையிடம் கொடுங்க. புல் வெட்டு லேசான வேலை என்று கொடுக்கப் பார்ப்பார்கள். குந்திப் புல் பிடுங்குவது கொழுந்தை விட மோசம். சமதரையில் நின்றோ, உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தோ செய்கிற வேலையாகக் கேளுங்க. பிள்ளைக் காம்பராவிலும் தரையிலிருந்து பிள்ளையைத் தூக்குகிற வேலை வேண்டாம்.

வார்டிலிருந்து துண்டு வெட்டும்போது தருகிற கார்டில் எந்தக் கால், எந்தத் திகதி, எந்தப் பக்கத்தால் ஓபரேஷன், என்ன வகை மூட்டு என்ற நான்கும் இருக்கிறதா பாருங்க. இல்லாவிட்டால் மிஸ்ஸியிடம் கேட்டு எழுதி வாங்குங்க. மூட்டு விலகி வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்குள்ள வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான். எக்ஸ்ரே படத்தைக் கூரைத் தகரத்துக்கு அடியில் சொருகிப் புகையில் கறுக்க விடாதீங்க. கார்டையும் படத்தையும் ஒரே பையில் போட்டு, திருகோணமலைக்குப் போகிற அன்றைக்கு முதல் ஆளாக அந்தப் பையை வேனில் ஏற்றுங்க.